பின் கண்ணாடி ஹீட்டர்

“ஹீட்டர்ல கோளாறே இல்லண்ணே. ஒயர யாரோ கையால கழட்டி வுட்டுக்கீறாங்க,” என்றான் சேட்டு, காரின் பின் சீட்டில் மண்டியிட்டபடி.

டிரைவர் வேதாசலத்துக்கு அலுப்பாக இருந்தது. இந்த ஐப்பசி மழையில் மூன்றாவது முறையாக, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த எலக்ட்ரீஷியன் ஷெட்டுக்கு வந்து நிற்கிறார். பட்டு வியாபாரி பாண்டுரங்கன் மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த ஜப்பான் கார் அது. பின் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள் சூடாகி, படிகிற ஆவியைப் போக்க வேண்டும். போக்குவதே இல்லை.

“பியூஸ் பாத்தியா?”

“பியூஸ், சுச்சு எல்லாம் நல்லாக்கீது. போன தபா ஒயர் மேல டேப் சுத்தி வுட்டேன். அத்தையும் பிரிச்சி எடுத்துக்கீறாங்க. வூட்ல கொயந்தைங்க கீதா?”

“கொயந்த ஏது? இருந்தது ஒரே பொண்ணு. அதுவும் சித்திரையில தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கினு போயிட்ச்சி. அது பேரக்கூட வூட்ல யாரும் சொல்லக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு.”

“அப்ப நீதான் கழட்டறன்னு சொல்லுவாங்கண்ணே.”

“சொல்லிட்டாங்க. போன வாரம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்ல பின்னாடி ஒண்ணும் தெரியாம கேட்டுல இடிச்சிட்டேன். இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா வேற டிரைவர் பாத்துக்கறோம்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. இந்த வயசுல எங்க போயி நிக்கறது?”

“வுடுண்ணே. இனிமே யாராலயும் கழட்ட முடியாத மாதிரி ஈயம் வச்சி பத்த வச்சிடறேன்.”

சேட்டு ஈயம் எடுக்க உள்ளே போனான். கடைத்தெருவுக்குப் போயிருந்த பாண்டுரங்கன் குடையை மடக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறினார். வேதாசலம் முன்னால் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மழைக்காக ஏற்றிவிட்டிருந்த கண்ணாடிகள் இருவரின் மூச்சுக் காற்றில் மெல்ல மங்கின.

“பத்த வைக்க வாணாம், வேதாசலம்,” என்றார் கடைசியில், தணிந்த குரலில். “நான்தான் கழட்டறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

வேதாசலம் திரும்பிப் பார்த்தார். ஆவி படிந்த பின் கண்ணாடியின் மூலையில், எப்போதோ ஒரு விரல் விளையாட்டாக எழுதிவிட்டுப் போன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன: ஞானசுந்தரி.