பொருந்தாத குரல்

ஜெசிந்தாவின் நாட்டுப்புற ஆல்பம் வெளியாக இன்னும் ஆறு மணி நேரமே இருந்தது. படிக்கும் வயதில் அவள் தன் குரலின் உரிமையை ஒரு இசைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இனி அவளே பாடினாலும் அது திருட்டு. ஆல்பத்தைத் தடுக்க வந்த கம்பெனிப் பரிசோதகர் இன்பராஜ், பழைய குரலோடு ஒப்பிடும் கருவியை நீட்டினார்.

பியானோவை வாசித்தபடி அவள் நடவுப் பாட்டொன்றைக் கரகரத்த குரலில் பாடினாள். பொருந்தவில்லை என்றது கருவி. மறுபடி பாடச் சொன்னார். அதே பதில்தான்.

"சளி பிடிச்ச மாதிரி நடிக்கிறியாம்மா?"

"நடிப்பையும் எழுதி வாங்கிட்டீங்களா சார்?"

இன்பராஜுக்கு அவளுடைய பழைய குரல் அத்துப்படி. இது அது இல்லை.

"தேன் மாதிரி இருக்குமே, அந்தக் குரல் எங்கே?"

ஜெசிந்தா கழுத்துத் துப்பட்டாவை விலக்கித் தழும்பைக் காட்டினாள்.

"அதை நீங்களே வெச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட சொல்லி, தொண்டையில கத்தி வெச்சு, என் குரலை நானே மாத்திக்கிட்டேன்."