ஐலாவுக்குத் துணை

“மெதுவாப் பேசும்மா. அவன் காதுல விழுந்துடப் போகுது.”

ஐலா கொஸ்கெலா சாப்பாட்டு மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. இவெட் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். கனடாவில் தண்டர் பே நகரின் மனநல நெருக்கடிக் குழுவில் சமூகப் பணியாளராக எத்தனையோ வருஷம் குப்பை கொட்டியவள் அவள். இப்படிப் பேசுகிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல.

“யாரு காதுலம்மா?”

“போன்ல சொன்னேனே! பூட்டின வீட்டுக்குள்ள வர்றானே, அவன்தான். ஒரு வார்த்தை பேசமாட்டான். சொந்த வீடு மாதிரி நடமாடுவான். நான் தூங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பான்.”

எதிரே உட்கார்ந்து நர்ஸ் மரிசெல் ஐலாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். இவெட் பனியில் வண்டியை உருட்டி வந்து சேருவதற்குள் அவள் வேலையை ஆரம்பித்திருந்தாள். அடுப்பருகே சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒருவர் காபி கலந்துகொண்டிருந்தார். மரிசெல் கூட்டி வந்த புது ஆள் போலிருக்கிறது. மூன்று அலுவலகங்களை ஒட்டுப்போட்டு உண்டாக்கிய குழு இது. வாரம் ஒரு புது முகம் வரும், பேர் மனசில் நிற்பதற்குள் ஆள் மாறிவிடும். பயந்து கிடக்கிற மனுஷி முன்னால் உட்கார்ந்து, “நீங்க யாரு?” என்று தங்களுக்குள்ளேயே விசாரித்துக்கொண்டிருந்தால் விளங்கினாற்போலத்தான்! இவெட் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரும் அசைத்தார்.

“சரி, இப்ப அவன் எங்க இருக்கான்?”

“உனக்குப் பின்னாடி.”

இத்தனை வருஷ அனுபவமும் எங்கே போயிற்றோ, இவெட்டுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சாயங்காலப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. புது ஆள் காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிக் கூடம் காலியாகக் கிடந்தது. வேறு ஒரு ஈ காக்காய் இல்லை.

“எனக்கு அப்படி யாரும் தெரியலைம்மா. ஆனா உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு புரியுது.”

தொழில் சொல்லிக்கொடுத்த பேச்சு இது. இல்லவே இல்லை என்று அடித்துப் பேசவும் கூடாது, ஆமாம் என்று தாளம் போடவும் கூடாது.

“அட போம்மா! கண்ணை எதுக்கு வெச்சிருக்கே?”

“கோவப்படாதீங்க, பிரஷர் ஏறுது” என்று மரிசெல் சிரித்தாள். “போன வாரம் தபால்காரரை அவன்தான்னு சொல்லித் துடைப்பத்தைத் தூக்கிட்டு விரட்டினீங்களாமே. பாவம், அந்த மனுஷன் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேங்கிறார்.”

“அது என் தப்புதான், ஒத்துக்கறேன். இது தப்பு இல்ல.”

காபி வந்தது. மேல் தட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டுச் சர்க்கரையை எடுத்து, ஐலாவின் கோப்பையில் மட்டும் மூன்று கரண்டி போட்டார் அந்த ஆள். சூட்டிகையான மனுஷர் என்று இவெட் நினைத்துக்கொண்டாள். ஐலா கோப்பையைத் தொடவில்லை. நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து ஒடுங்கிக்கொண்டாள்.

அதைப் பார்க்க இவெட்டுக்குத் தாங்கவில்லை. முன்பொரு தடவை போலீஸ் வந்து விலங்கு மாட்டித்தான் ஐலாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே ஐலாவுக்கு உடம்பு உதறும். இனி அங்கே அனுப்பவே மாட்டேன் என்று இவெட் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதைக் காப்பாற்றத்தான் இப்போது போனில் குழுவின் டாக்டரோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் டாக்டர் இறங்கி வந்தார். மாத்திரையைக் கூட்டலாம், வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் காலை வரை யாராவது துணைக்கு இருந்தாக வேண்டும்.

“ஐலாம்மா, ஜெயிச்சிட்டோம்! ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லிட்டார்!”

ஐலா அவள் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்மா, என்னைக் கூட்டிட்டுப் போயிடு. ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, விலங்கு போட்டாலும் சரி. இங்க மட்டும் விட்டுட்டுப் போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

இவெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இது பயம் பேசுகிற பேச்சு. இதைக் கேட்டுக் கூட்டிப் போனால், நாளைக்கு ஐலாவே இவெட்டை மன்னிக்க மாட்டாள்.

“தனியா விடமாட்டோம்மா. துணைக்கு ஆள் இருந்தா பயம் போயிடும்.”

“நான் இருக்கேன்” என்றார் சாம்பல் ஸ்வெட்டர்காரர். அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். நல்ல மென்மையான குரல்.

“பாத்தீங்களா? நீங்க நிம்மதியாத் தூங்குங்க” என்று இவெட் ஐலாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

சட்டைக் கையைப் பிடித்திருந்த ஐலாவின் பிடி மெல்ல நழுவியது.

இருவரும் வெளியே வந்ததும் கதவு உள்ளே தாழிடப்பட்டது. சங்கிலி மாட்டுகிற சத்தமும் கேட்டது. பொறுப்பான ஆள்தான்.

வாசலில் மரிசெல் தன் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினாள். இவெட்டுக்கு மனசு லேசாகியிருந்தது.

“கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன், மரிசெல். இன்னிக்குத்தான் இந்த வேலைக்கு வந்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தோணுது. ஆமா, அந்தப் புது ஆளை எங்கேருந்து பிடிச்சே? தங்கமான மனுஷன்! பேரென்ன?”

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“நான் பிடிச்சேனா? நான் வந்தப்போ எனக்குக் கதவைத் திறந்துவிட்டதே அவர்தானே? நீ முன்னாடியே அனுப்பிவெச்ச ஆளுன்னுல்ல நான் நினைச்சேன்!”