உள்சூடு

"மாமா, காலையில ஏழு மணிக்குப் பாஸான ரோடு பத்து மணிக்கு எப்படி ஃபெயிலாகும்?"

"அதை நீதான் சொல்லணும் மாப்ள. படிச்சவன் நீ."

சாலைப் பரிசோதகருக்குத் தலை சுற்றியது. இந்தப் புதுத் தார்ச்சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரர் அவருடைய அக்காவின் கணவர். தேறவில்லை என்று எழுதினால் இரண்டு கிலோமீட்டரையும் கொத்தி எடுக்க வேண்டும். அப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. தேறியது என்று எழுதினால் அலுவலகமே வாயில் போட்டு மெல்லும்.

சோதனை என்னவோ எளிதுதான். பாரம் ஏற்றிய லாரியை நிறுத்தி, சக்கரத்தடியில் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். சூட்டில் தார் இளகிக் கூடுதலாக அமுங்கும். அதனால் சாலையில் சின்னத் துளை போட்டு, எண்ணெய் விட்டு, தர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து, சூட்டுக்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் இடித்தது. சாலை காலையைவிட இரண்டு மடங்கு அமுங்குகிறது. சூடோ அப்போதும் முப்பத்தொன்பது டிகிரி, இப்போதும் முப்பத்தொன்பது.

"செருப்பு தார்ல ஒட்டுது. சூடு ஏறலன்னா யார் நம்புவா? அந்தத் தர்மாமீட்டரைத் தூக்கிப் போடு."

"நேத்து வாங்கினது மாமா. இன்னைக்குத்தான் வீட்டு அலமாரியிலேருந்து எடுத்துட்டு வந்தேன். மேல்சூடு வேற, உள்சூடு வேற."

"அப்ப என் ரோடு மூணு மணி நேரத்துல கிழவனாயிடுச்சா?"

மாமா ஜல்லியில் கைவைத்திருப்பாரோ என்று பரிசோதகருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அப்படி நினைத்ததற்கே வெட்கமாகவும் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் படிவத்தில் 'தே' என்று எழுதினார். தேறியதா, தேறவில்லையா என்பது அடுத்த எழுத்தில் தெரிந்துவிடும். பேனா அங்கேயே நின்றது.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"பொண்ணுக்கு இன்னும் காய்ச்சல் விடலைங்க. ஆனா தர்மாமீட்டரை அக்குள்லேருந்து எடுத்த உடனே விறுவிறுன்னு இறங்கிடுது. எவ்வளவுன்னு படிக்கவே முடியல. கெட்டுப்போச்சா என்னன்னு தெரியல."

பரிசோதகர் குனிந்து, துளையிலிருந்த தர்மாமீட்டரை உருவித் துடைத்து, நாலு முறை உதறினார். காலையிலிருந்து முப்பத்தொன்பதிலேயே நின்ற பாதரசம் மளமளவென்று அடிக்கு இறங்கியது.

"மாமா, ரோட்டுச் சூடுன்னு நான் எழுதினதெல்லாம் நேத்து என் பொண்ணுக்கு அடிச்ச காய்ச்சல்."