பதினாலு கட்டம்

"தூங்குறான்யா. ஒரு மணி நேரம் ஜம்முனு தூங்குறான்" என்று ரேஞ்சர் திரையில விரலை வச்சு அழுத்தினார்.

வன ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மேப்பைப் பாத்துக்கறவர் ஒருத்தர்தான். அதனால எல்லாருக்கும் அவர் மேப்காரர். ரேஞ்சர் கையை எடுத்ததும் திரையில எண்ணெய்க் கறை. அதைத் துடைக்கறதா, பதில் சொல்றதான்னு யோசிச்சார்.

காட்டுக்குள்ள காவல் போற ஒவ்வொரு கார்டுக்கும் ஆபீஸ் போன் உண்டு. அவங்க நடக்க நடக்க அது மேப்புல சிவப்புக் கோடு போட்டுக்கிட்டே வரும். மத்தவங்க கோடெல்லாம் ரோந்துப் பாதையிலயே ஓடுது. இந்த வயசான கார்டோட கோடு மட்டும் தினமும் ஏழாம் பிளாக் வந்ததும் பாதையை விட்டு இறங்கிடுது. திரும்பி வர ஒரு மணி நேரம்.

"வெள்ளிக்கிழமை அவன் கான்ட்ராக்ட் முடியுது. ரிப்போர்ட் எழுதிக் கொடு, ஆளை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிட்டு ரேஞ்சர் ஜீப்புல ஏறிட்டார்.

மேப்காரர் ஒரு வருஷக் கோடுகளை ஒண்ணுமேல ஒண்ணா போட்டுப் பெருசு பண்ணிப் பாத்தார்.

தூங்குறவன் கோடு புள்ளியா நிக்கணும். இது நிக்கல. போகுது, பத்தடி தள்ளித் திரும்புது, மறுபடி போகுது. உழுது போட்ட மாதிரி இருந்துச்சு.

'தூங்கினாக்கூடப் பரவாயில்ல. ஐயா ஒவ்வொரு மரமா பாத்து விலை பேசறார்'னு முடிவு பண்ணினார். "ரோந்து சென்றதாகப் பொய்யான விவரம் அளித்து, மரம் வெட்டுவோருக்கு உதவுவதாகச் சந்தேகம்" என்று டைப் அடிச்சார். 'பொய்யான'ங்கற வார்த்தையை ஒருதரம் படிச்சுப் பாத்துக்கிட்டார்.

"கால எடுங்க தம்பி."

பெருக்கற அக்கா. அவங்க புருஷன் மரம் எண்ணற குழுவுல வேலை பாத்தவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள்ல காட்டுக்குள்ள போனவர் வெளிய வரல. பதினோரு நாள் தேடினாங்க. அப்புறம் அக்கா கையில துடைப்பத்தைக் கொடுத்தாங்க.

அக்கா திரையைப் பாத்தாங்க. "அந்தக் காடு தானே?"

"ஆமாக்கா."

"பூரா பாத்துட்டீங்கல்ல தம்பி?"

வாரத்துக்கு ஒருதரமாவது வர்ற கேள்வி.

"ஒரு கட்டம் விடாம பாத்தாச்சுக்கா."

"அப்ப எங்கயோ போய்ட்டாரு. அன்னைக்குக் காலையில குழம்புல உப்பு இல்லைன்னு சண்டை. கோவக்காரரு. அதுக்காக இப்படியா விட்டுட்டுப் போவாங்க?" அக்கா குப்பையை வாசலுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

மூணு மணிக்கு அந்த வயசான கார்டு ரோந்து நோட்டுல கையெழுத்துப் போட வந்தார். சட்டைக் கையெல்லாம் முள் கிழிச்ச கிழிசல்.

"வாய்யா. ஏழாம் பிளாக்ல தினமும் உனக்கு என்ன வேலை?"

"சும்மாதான் சார்."

"சும்மா முள்ளுக்குள்ள போறதுக்கு நீ என்ன முயலா?"

கார்டு சிரிக்கல.

"யாருக்கு மரம் காட்டற?"

"மரத்தை நான் நிமிந்தே பாக்கறதில்ல சார்."

"மேப் பொய் சொல்லாதுய்யா. மனுஷன்தான் சொல்லுவான்."

"சரி சார்" என்று கார்டு பேனாவை எடுத்தார். "எங்க போடணும்?"

இவ்வளவு லேசா ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட வந்தது மேப்காரருக்குப் பிடிக்கல. எதிராளி கொஞ்சமாவது முரண்டு பிடிச்சாத்தானே ரிப்போர்ட்டுக்கு மரியாதை. "இரு, எந்த எடம்னு கட்டத்தோட காட்டறேன்" என்றார்.

மேப்புல ஒவ்வொரு விவரமும் கண்ணாடித் தாள் மாதிரி தனித்தனி அடுக்கு. கட்டம் போட்ட அடுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அக்காவோட புருஷனைத் தேடினப்போ போட்டது. தேடி முடிச்ச கட்டத்துக்குப் பச்சை அடிக்கணும். அதைத் திறந்து கோடுகளுக்கு அடியில வச்சார்.

காடு முழுக்கப் பச்சை.

சிவப்புக் கோடெல்லாம் ஏழாம் பிளாக்குல சில கட்டத்துக்குள்ள மட்டும் நெருக்கமா இருந்துச்சு. ஓரத்தைத் தாண்டி ஒரு அடி வெளிய இல்ல. ஒரு கட்டம் நிறைஞ்ச பிறகுதான் அடுத்தது. எண்ணினார். பதிமூணு. பதினாலாவது பாதியில நின்னுது.

பதினாலு.

மேப்காரருக்குக் காது சூடாச்சு.

பதினோராம் நாள். கொட்டற மழை. ஆறு ஏறிடுச்சுன்னு தேடப் போன ஆளுங்க கரையோட திரும்பிட்டாங்க. மேலிடத்துக்கு அன்னைக்கே மேப் அனுப்பணும்னு ரேஞ்சர் போன்ல கத்தினார். பாக்கி இருந்தது ஏழாம் பிளாக்குல இதே பதினாலு கட்டம். யார் காலும் படாத அந்தப் பதினாலுக்கும், இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, பச்சை அடிச்சது இவர் கைதான்.

அன்னைக்குக் கரையோட திரும்பினவங்கள்ல இந்தக் கார்டும் ஒருத்தர்.

"உனக்கு... முதல்லயே தெரியுமா?"

கார்டு பேனாவை மேஜையில வச்சார்.

"ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்க வேலை போகும். அவர் கிடைக்கவா போறார்?"

வாசல்ல துடைப்பம் உரசற சத்தம். கார்டு அந்தப் பக்கம் ஒருதரம் பாத்துட்டு, குரலை இறக்கிக்கிட்டார்.

"எலும்போ, செருப்போ, ஏதாவது ஒண்ணு கிடைச்சா, புருஷன் விட்டுட்டுப் போகலன்னு அந்தம்மாவுக்குத் தெரியும் சார். இன்னும் அரைக் கட்டம்தான். அது வரைக்கும் அந்த ரிப்போர்ட்டை அனுப்பாம வச்சிருக்க முடியுமா?"