சேர்க்கைத் தகுதி

"குடிங்க. யாரும் பார்க்கிறதுக்குள்ள குடிச்சிடுங்க."

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டில் மூடியில் பிராந்தியை ஊற்றிப் புருஷன் வாயருகே நீட்டினாள் அவள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை.

"வேணாம். தொட்டு இருபத்திரண்டு நாளாச்சு. பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

"பாப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். வாயைத் திறங்க."

யாரும் பார்க்கிறதுக்குள் என்றால் நடக்கிற காரியமா? மணி பதினொன்றரை. எக்ஸ்ரே வரிசை மொத்தமும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொட்டுக்க ஏதும் கொண்டு வரலையாம்மா?" என்றார் வரிசையில் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

வாசல் காவலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. தடியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, மூளை கீளை இருக்கா உனக்கு? இது என்ன இடம்னு தெரியுமா?"

அவருக்குப் பின்னால் புதுப் பலகை பளபளத்தது. குடிப்பழக்கமும் மனநோயும் சேர்ந்தே இருப்பவர்களுக்காக அரசாங்கம் போன மாதம் திறந்த இலவசப் பிரிவு. மொத்தம் பன்னிரண்டு படுக்கைகள். அன்று ஒன்றுதான் மிச்சம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சேர்க்கையை முடித்துவிடுவார்கள்.

"தெரியும்ண்ணே. இங்கே சேர்க்கத்தான் வந்திருக்கோம்."

"சேர்க்க வந்தவ செய்யுற வேலையா இது? அந்த மனுஷனே வேணாம் வேணாங்கிறார்."

"நேத்து மொட்டை மாடிச் சுவர் மேல ஏறி நின்னுட்டார்ண்ணே. குதி, குதின்னு காதுக்குள்ள யாரோ சொல்றாங்களாம். நானும் பாப்பாவும் காலைக் கட்டிப் பிடிச்சு இறக்கினோம்."

"அப்பேர்ப்பட்டவருக்கு ஊத்திக் கொடுக்கிறியா? போய்த் தொலையட்டும்னு முடிவு பண்ணிட்டியா?"

அவள் கண் கலங்கியது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

கடைசியில் பெயின்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். விழுங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். முதுகு குலுங்கியது.

வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

காவலாளி விறுவிறுவென்று உள்ளே போய் நர்ஸைக் கையோடு அழைத்து வந்தார்.

"நீங்களே பாருங்க சிஸ்டர். அந்தப் படுக்கையை வேற யாருக்காவது கொடுங்க. இந்தப் பொம்பளையை முதல்ல வெளியே அனுப்பணும்."

நர்ஸ் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு குடிச்சார்?"

"ஒரு மூடிதான் சிஸ்டர். அதுக்கு மேல மாட்டேங்கிறார்."

நர்ஸ் பையிலிருந்து மூச்சுச் சோதனைக் கருவியை எடுத்தார். "ஊதுங்கண்ணா."

பெயின்டர் ஊதினார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்தார் நர்ஸ். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தாது."

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சிஸ்டர் பத்தாது?"

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலையில வந்து ஊதினார். சுத்தமா இருந்துச்சு. மூச்சுல மது இல்லாதவங்களுக்கு இந்த வார்டுல படுக்கை கிடையாதுன்னு உத்தரவு. மனநல வார்டுல கேட்டா, குடிகாரர்தானே, அந்தப் புது வார்டுக்கே போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கருவியில வர்ற எண் நேரா மேலிடத்துக்குப் போயிடும், நான் மாத்தி எழுதவும் முடியாது. பெரிய டாக்டர் கால்ல விழாத குறையாக் கேட்டுப் பார்த்தேன்."

"அதுக்காக..."

"வீட்டுக்கு அனுப்பினா நாளைக்கு இந்த அண்ணன் இருப்பாரா, சொல்லுங்க. பாட்டில் வாங்கிட்டு வரச் சொன்னதே நான்தான்."

காவலாளியின் பார்வை பாட்டிலுக்குப் போனது.

நர்ஸ் தன் கையாலேயே மூடியை நிரப்பினார்.

"பார்த்துக்கிட்டே நிக்காதீங்க. அவர் தோளைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்குங்க. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."