கேஸ் சைக்கிள்

"இது ஸ்டேஷன் சைக்கிள்தானே?"

ஆனந்தவள்ளி கேட்டது சிவனணைந்தபெருமாள் காதில் விழத்தான் செய்தது. விழாத மாதிரியே, தின்னரில் நனைத்த பழைய பனியன் துணியால் சைக்கிள் பிரேமைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நீல நிற லேடீஸ் சைக்கிள். காலையில் வெளியே போன மனுஷன் அதை உருட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தாமல் நேரே புறவாசல் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இப்போது கிட்டத்தில் வந்து பார்த்தால், பிரேமில் வெள்ளை பெயிண்டில் கேஸ் நம்பர். பாதி அழிந்திருந்தது. மீதி நல்லாவே தெரிந்தது.

ஏட்டையா பெண்டாட்டிக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கேஸில் பிடித்த வண்டிகளுக்குத்தான் அப்படி எழுதுவார்கள்.

"கேக்கேம்லா? யாரு வண்டி இது?"

"ஒருத்தர் வண்டி."

"அந்த ஒருத்தருக்குப் பேரு கிடையாதோ?"

"அந்த உப்புத்தாளை எடு."

"நான் எடுக்க மாட்டேன். நம்பரை அழிச்சி, பெயிண்டு அடிச்சி யாருக்குக் குடுக்கப் போறீய? அடுத்த வருசம் ரிட்டயர்டு. இத்தனை வருச சர்வீஸ்ல ஒரு கடையில ஓசி டீ குடிச்சிருப்பீயளா? அதனாலதான் இந்தத் தென்காசியில நான் தலைநிமிந்து நடக்கேன். கடைசியில போயும் போயும் ஒரு ஓட்டை சைக்கிளுக்கு ஆசைப்பட்டு..."

"ஓட்டை சைக்கிள் இல்ல. செயின்ல மட்டுந்தான் துரு" என்றபடி உப்புத்தாளைத் தானே எட்டி எடுத்துக்கொண்டார் அவர்.

ஆனந்தவள்ளிக்கு ஆறவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உமா மகேஸ்வரி, சாரல் விழுகிறதே என்று கொடியில் கிடந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"வெளிய சொல்லிராதீய அக்கா."

"நான் ஏன்ட்டி சொல்லுதேன்" என்ற உமா மகேஸ்வரி, கொட்டகைப் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டை ஆனந்தவள்ளி நங்கென்று தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டார். அழித்த இடத்தில் நீலப் பெயிண்ட் பூசி, மற்ற இடத்துக்கெல்லாம் பாலிஷ் போட்டு, சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

நாலு மணிவாக்கில் வாசலில் குரல் கேட்டது.

"ஏட்டையா இருக்காவளா?"

இருபது வயதுப் பெண். குற்றாலத்துச் சிப்ஸ் கடை ஒன்றின் பேர் போட்ட சட்டை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண், நம்பர் இருந்த இடத்தைத் தொடப் போனாள்.

"பெயிண்டு காயலம்மா. தொடாத."

கையை இழுத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"இருந்த இடமே தெரியல, ஏட்டையா."

ஆனந்தவள்ளி குறுக்கே வந்தாள். "இது உன் வண்டியா?"

"ஆமாத்தை." சொல்லலாமா என்பது போல அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா கேரளா லாட்டரிச் சீட்டை புளியறை வழியா கொண்டாந்து வித்தாவ. ஒரு நாள் என் வண்டியில வச்சி எடுத்துட்டு வரும்போது பிடிச்சிட்டாவ. கேஸ் முடிஞ்சி, கோர்ட்டுல வண்டியத் திருப்பித் தந்துட்டாவ. ஆனா இந்த நம்பர் இருந்துச்சு. கடையில யாரும் பார்த்துரக் கூடாதுன்னு துப்பட்டாவச் சுத்தித்தான் நிறுத்துவேன். நேத்து அருவியில டூட்டிக்கு வந்த ஏட்டையா அதை அவுத்துப் பார்த்துட்டாவ. எனக்கு உசுரே இல்ல. காலையில வந்து, அழிச்சித் தாரேன்னு வண்டிய வாங்கிட்டுப் போனாவ."

"நீயே அழிச்சிருக்கலாம்லா?"

"போலீஸ் எழுதினதை அழிச்சா, அதுக்கும் ஒரு கேஸ் போட்டுருவாவளோன்னு பயந்தேன் அத்தை."

"எழுதினது நான்தான்" என்றார் சிவனணைந்தபெருமாள், நிமிராமலே. "சரி, நீ கிளம்பு. பொழுது போவுது."

சாரல் விட்டிருந்தது. அந்தப் பெண் ஏறி மிதித்துத் தெருமுனை திரும்பும்வரை ஆனந்தவள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதைக் காலையிலேயே எங்கிட்டச் சொன்னா என்ன? உங்களைப் போயி நான்..."

"சொல்லியிருப்பேன். நீ நேரா மதில்கிட்டப் போயிருப்பே. அப்புறம் நம்பரை அழிச்சி என்ன பிரயோசனம்?"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மதிலுக்கு மேலே உமா மகேஸ்வரியின் தலை தெரிந்தது.

"ஏ வள்ளி, அந்தக் கேஸ் சைக்கிளை அண்ணாச்சி இந்தப் பிள்ளைக்கா வித்துட்டாவ? யாரு பிள்ளை அது?"

சிவனணைந்தபெருமாள் கையில் ஒட்டியிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

உள்ளதைச் சொன்னால் புருஷன் பேர் தப்பிக்கும். ஆனால் விடிவதற்குள் அந்தப் பிள்ளை பேர் தெருவெல்லாம் கிடக்கும். ஆனந்தவள்ளி மதிலோரம் போனாள்.

"கேஸ் சைக்கிளும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. நான்தான் கண்ணாடி போடாமப் பார்த்துட்டு, உங்ககிட்ட வந்து உளறிட்டேன். அது அவ சொந்த வண்டி. இவிய சும்மா துடைச்சிக் குடுத்தாவ."

"அதான், யாரு பிள்ளைன்னு கேக்கேன்."

"கடையத்துல எங்க சித்தி மகன் ஒருத்தன் இருக்கான். எனக்குத் தம்பி. அவன் மக."