ஒரு பிடி உப்பு

சிலிண்டர் வண்டி நின்றுபோன பிறகு, சவரிமுத்துவின் வீட்டு மணியை அடிக்க ஆளில்லை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், அடுப்பே அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எரித்துக்கொள்ளும். அவரோ மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போடுவார். உள்ளே இருக்கும் தகடு கெட்டுப்போகும். அதை மாற்ற அடுப்புக் கம்பெனியிலிருந்து இசக்கியம்மாள் வருவாள், டீ குடிப்பாள், தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவாள்.

இன்று அவள் புதுவகைத் தகட்டை மாட்டினாள்.

“உங்களுக்காவ ஆபீஸ்ல சண்ட போட்டு வாங்கியாந்தேன் அண்ணாச்சி. இனிமே கடத்தண்ணிய ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாது.”

“அப்போ நீ வர வேண்டியதில்ல?”

“அந்தத் தொல்லை இனி உங்களுக்கு இல்ல.”

“ஒரு டீ குடிச்சிட்டுப் போ தாயி” என்று அவசரமாகப் பாலை அடுப்பில் வைத்தார். புதுத் தகடு அல்லவா, பால் நொடியில் பொங்கிவிட்டது.